பழைய பொருளும் பழுதில்லா நாணயமும்

இவ்வாரம் எமது மேசைக்கு வந்த கடிதங்களுள் ஒன்று எம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிய நாலு பக்கக் கடிதம் அது. எழுதியவர் கோபத்தோடு எழுதினார் என்பது எழுத்தின் சாய்விலேயே தெரிந்தது. அவர் கேட்ட கேள்வி அவர் ஒருவருக்கு மாத்திரம் உரியதன்று. பொழுதுபோக்குக் கலை ஒன்றிலே ஈடுபாடுடைய பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் எழக்கூடியது. ஆகவே அதற்குத் தனிக்கடிதம் எழுதாது இப்பகுதியிலேயே மறுமொழி கூறத் துணிந்தோம்.

விடயம் இதுதான். கமரா விற்பனை செய்யும் கம்பனி ஒன்று, தன்னிடம் கமரா வாங்குவோருக்கெனப் புகைப்படக் கழகம் ஒன்றை நடத்தி வருகின்றது. மாதம் ஒருமுறை கூட்டம் உண்டு. அங்கத்தவர் எடுத்த படங்களைக் காட்டி நிறைகுறை பேசுவர். கம்பனியின் விற்பனைக் கூடத்திலே, அங்கத்தவர்களுக்கென்று ஓர் அறிவித்தற் பலகையும் உண்டு. தாம் பாவித்த கருவிகளை விற்க விரும்பும் அங்கத்தவர் அப்பலகையில் அறிவித்தல் இடலாம். எமது மாணவர் தமது பழைய வில்லை ஒன்றை விற்க எண்ணி, “புதியது போன்றது. குறையொன்றும் இல்லை. விலை நேரிற் பேசலாம்” என்று எழுதி வைத்தார். இரண்டு நாளில் அவ்வறிவித்தல் அகற்றப்பட்டது. மறுபடியும் வைத்தார்; மறுபடியும் அகற்றப்பட்டது. காரணம் யாதென எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

“புதிய வில்லைகள் விலைபோகாமற் போய்விடும் என்று அஞ்சியே கம்பனியார் இவ்வாறு செய்கின்றனர். என் பொருளை நான் விற்பதற்கு இவர்கள் யார் விதி விதிக்க? இது நியாயமா?” என்று கேட்கின்றார் அவர்.

நியாயமா, அநியாயமா என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறிவிடலாம். ஆனால், பாவித்த பொருளை விற்பதற்கு விதிகள் எதற்காக ஏற்பட்டன என்று முதலில் அறிந்துகொள்வது நல்லது. விதியின் வேரைக் கண்டவனுக்கே அது எங்கே கோணிற்று என்பதும் தெரியும்.

எமது கிராமங்களிலே பாவித்த பொருள் கைமாறுவது புதிய செய்தியன்று. அண்ணன் ஓடிய துவிச்சக்கரவண்டியை அயல்வீட்டுத் தம்பி வாங்குவான். மேல்வகுப்புக்குப் போன பிள்ளையின் புத்தகங்கள் கீழ்வகுப்புப் பிள்ளைக்கு அரைவிலைக்குப் போகும். தையற் பொறி, நெசவுத் தறி, ஆர்மோனியம் யாவும் இவ்வாறே வீடு மாறின. அங்கே எழுதப்பட்ட விதி எதுவும் இருக்கவில்லை. ஏனெனில், விற்றவரும் வாங்கியவரும் மறுநாட் காலையிற் கோயில் வாசலில் முகத்துக்கு முகம் சந்திக்க வேண்டியவர்கள். ஓட்டைப் பானையை நல்ல பானை என்று விற்றவர் ஊரிலே தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்த நாணமே அங்கு விதியாக நின்றது.

முன்பின் அறியாதவர்கள் ஒருவரோடொருவர் கொடுக்கல் வாங்கல் செய்யத் தொடங்கும்போதுதான் சங்கடம் பிறக்கின்றது. அப்போது நாணத்தின் இடத்தில் வேறொன்றை நிறுத்த வேண்டியிருக்கின்றது.

சட்டம் இருக்கின்றதே என்பீர்கள். இருக்கின்றது. எமது நாட்டின் 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி எழுந்தது. அதன்படி, ஒருவகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்ட வியாபாரியிடம் வாங்கும்போது, பொருளின் தரத்தைப் பற்றிச் சில பாதுகாப்புகள் வாங்குவோருக்கு உண்டு. ஆனால், வியாபாரியல்லாத ஒருவர் தம் வீட்டுப் பொருளை விற்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. பார்த்து வாங்குவது வாங்குவோர் பொறுப்பு. விற்பவர் எவராயினும், விவரணத்தைக் கொண்டு விற்ற பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்பது மாத்திரம் இருவகை விற்பனைக்கும் பொதுவானது. ஆதலின் பாவித்த பொருளின் விற்பனையிலே, விற்பவர் எழுதும் நாலு சொல்லே வாங்குபவருக்கு உள்ள பெரிய துணை. அச்சொல் பொய்த்தால் வழக்குக்குப் போகலாம். ஆனால், ஒரு பழைய வில்லைக்காக வழக்காடுபவர் எத்தனை பேர்?

இதனால் விளையும் தீங்கு ஏமாந்த ஒருவரோடு நிற்பதில்லை. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லோவ் 1970ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இதனை அழகாக விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பாவித்த மோட்டார் வண்டிகள். அதனை நாம் வில்லைகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். பலகையிலே பத்து வில்லைகள் விற்பனைக்கு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நல்லவை, ஒவ்வொன்றும் 40,000 ரூபா பெறுமதியானது. ஐந்து பழுதானவை, ஒவ்வொன்றும் 20,000 ரூபா பெறும். எது நல்லது, எது பழுது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே அவர் இரண்டுக்கும் நடுவே 30,000 ரூபாதான் தருவேன் என்பார். நல்ல வில்லை வைத்திருப்பவர், “40,000 ரூபாப் பொருளை 30,000 ரூபாவுக்குக் கொடுப்பானேன்?” என்று அறிவித்தலைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். பழுதான வில்லைக்காரரோ மகிழ்ந்து நிற்பார். ஈற்றிலே பலகையில் எஞ்சுவன பழுதானவை மாத்திரமே. அதை வாங்குவோர் அறிந்ததும் பலகைப் பக்கம் ஒருவரும் வாரார். மறைப்பவர் சிலராயினும், அவர்களால் நாணயமாக விற்பவருக்கும் சந்தை இல்லாமற் போகின்றது. இக்கருத்துக்கு வித்திட்ட அறிஞருக்கு 2001ஆம் ஆண்டில், வேறிருவரோடு சேர்த்து, பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அறிஞர் விளக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, பொழுதுபோக்குப் பத்திரிகைகளை நடத்தியவர்கள் அனுபவத்தால் இதனை உணர்ந்திருந்தனர். இலண்டனிலே 1868ஆம் ஆண்டில் “எக்ஸ்சேஞ் அன்ட் மார்ட்” என்னும் பத்திரிகை தோன்றிற்று. தனியார் தம்மிடமுள்ள பொருள்களை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் இட்ட விளம்பரங்களே அதன் உயிர். அச்சுப் பத்திரிகையாக அது 2009ஆம் ஆண்டுவரை நின்று நிலவியது. முகம் அறியாதவர்கள் தபால் மூலம் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு இத்தகைய பத்திரிகைகள் ஓர் உபாயம் கண்டன. வைப்புப் பண முறை என்று அதனைக் கூறலாம்.

அம்முறை எவ்வாறு இயங்கிற்று என்பதை “வயர்லெஸ் வேர்ல்ட்” என்னும் வானொலிச் சஞ்சிகையைக் கொண்டு விளக்குவாம். அச்சஞ்சிகை 1911ஆம் ஆண்டிலே மார்க்கோனி கம்பனியாரால் வேறு பெயருடன் தொடங்கப்பெற்று, 1913ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்றது. பின்னர் வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. 1920களில் வானொலிப் பெட்டியைத் தாமே கட்டி மகிழும் ஆர்வலர் பலர் இருந்தனர். எமது கொழும்பு வானொலியும் 1925ஆம் ஆண்டிலேதான் முறையாக ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்கு முந்திய பரிசோதனைகளிலே, கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்புக் கருவி அமைக்கப்பட்டது என்பது எமது வானொலி வரலாற்றிற் பெருமையோடு கூறப்படும் செய்தி. பாவித்த பொருள் தக்க கையிற் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

நிற்க. அச்சஞ்சிகையில் ஒருவர் தமது பழைய வானொலிப் பெட்டியை விற்க விளம்பரம் செய்வார். வாங்க விரும்புபவர் பணத்தை விற்பவருக்கு அனுப்பாமற் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பலாம். பணம் வந்தது என்று அலுவலகம் இருவருக்கும் அறிவிக்கும். அதன்பின் விற்பவர் பொருளை அனுப்புவார். பொருள் கையில் வந்த நாளிலிருந்து 3 நாள் வாங்குபவருக்குத் தவணை. அதற்குள் பார்த்துப் பிடித்திருந்தால், பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று அலுவலகத்துக்கு எழுதுவார். பிடிக்காவிடில் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும். பொருள் திரும்பியதும் விற்பவரின் சொற்படி பணம் உரியவருக்கு மீளும். விற்பனை நடந்தால் அனுப்புகூலி வாங்குபவருடையது. நடவாவிட்டால், போகும் கூலி ஒருவருக்கும் வரும் கூலி மற்றவருக்கும். வழியில் உடைந்தால் நட்டம் விற்பவருக்கு. 10 பவுண் வரையிலான விற்பனைக்கு அலுவலகம் எடுத்துக்கொண்ட கட்டணம் 1 சிலிங்.

இவ்விதிகளைச் சற்று உற்று நோக்குங்கள். விற்பவர் பொருளை இழந்துவிட்டுப் பணத்துக்கு அலைய வேண்டியதில்லை. வாங்குபவர் பணத்தை இழந்துவிட்டுப் பொருளுக்கு அழ வேண்டியதுமில்லை. எவர் எந்த நட்டத்தைத் தாங்குவது என்பது சண்டை தொடங்குமுன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. நடுநின்ற பத்திரிகைக்கு இப்பொருளிலே இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதனாலேதான் இருசாராரும் அதனை நம்பினர். நடுநிற்பவன் நடுவாகவே நிற்க வேண்டும் என்பது இதிலே நாம் காணும் முதற் பாடம்.

நடுநிற்பவனே அப்பொருளைப் புதிதாக விற்கும் வியாபாரியாகவும் இருந்தால்? எமது மாணவரின் வழக்கு அதுதான். இதற்கும் உதாரணம் இல்லாமலில்லை.

லிவர்பூல் நகரத்துப் பிராங் ஹோர்ன்பி என்பவர், துளையிட்ட உலோகப் பட்டிகளையும் திருகாணிகளையும் கொண்டு பிள்ளைகள் பாலமும் பாரந்தூக்கியும் கட்டி விளையாடத்தக்க ஒரு விளையாட்டுக் கருவிக்கு 1901ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். 1907ஆம் ஆண்டில் அதற்கு “மெக்கானோ” என்னும் பெயர் உண்டாயிற்று. 1916ஆம் ஆண்டிலே கம்பனியார் “மெக்கானோ மகசீன்” என்று தமக்கென ஒரு சஞ்சிகையையும் தொடங்கினர். கம்பனியின் சஞ்சிகையாதலின் புதிய பொருள்களின் விளம்பரம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. ஆயினும், அதே சஞ்சிகையில் வாசகர்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுப் புகைவண்டிகளையும் பழைய இதழ்களையும் விற்கவும் தேடவும் சிறு விளம்பரம் இடுவதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சொல்லுக்கு 1 பென்னி. ஆகக் குறைந்த கட்டணம் 1 சிலிங். பணம் முன்கூட்டியே செலுத்த வேண்டும். தனியாருக்கே அவ்விடம், வியாபாரிகளுக்கன்று.

தன் பொருளின் பழம்பிரதியை மலிவாக விற்கத் தன் சஞ்சிகையிலேயே ஒரு கம்பனி இடங்கொடுத்தது ஏன்? அவர்கள் பொருளின் அமைப்பே இதற்கு விடை தருகின்றது. மெக்கானோப் பட்டிகளின் துளைகள் அரை அங்குல இடைவெளியில் அமைந்தவை. எந்த ஆண்டில் வாங்கிய பட்டியும் மற்றெந்த ஆண்டுப் பட்டியோடும் பொருந்தும். ஒரு தொகுதியை அடுத்த பெரிய தொகுதியாக வளர்ப்பதற்கென்றே துணைப் பெட்டிகளும் விற்கப்பட்டன. ஆகவே, ஏழைச் சிறுவன் ஒருவன் பழைய தொகுதியை மலிவாக வாங்கினான் எனில் அவன் கம்பனிக்கு இழந்துபோன வாடிக்கைக்காரன் அல்லன். நாளைக்குப் புதிய உறுப்பு வாங்க வரும் வாடிக்கைக்காரன். விற்ற சிறுவனோ அப்பணத்தைக் கொண்டு அதைவிடப் பெரியதொன்றை வாங்கக் கனவு காண்பவன். பழையது கைமாறக் கைமாறப் புதியதற்கும் ஆள் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டிலே, உலோக விளையாட்டுப் பொருள்களின் உற்பத்தியை இங்கிலாந்து அரசாங்கம் நிறுத்திற்று. தொழிற்சாலைகள் போர்த் தளவாடம் செய்யத் தொடங்கின. அக்காலத்துப் பிள்ளைகளுக்கு இருந்த வழி, மற்றப் பிள்ளைகள் விளையாடி முடித்ததை வாங்குவது ஒன்றேதான். லிவர்பூல் தொழிற்சாலையோ 1979ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. அங்கே செய்த பட்டிகள் இன்றும் ஆர்வலரிடையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. கம்பனியைவிடப் பொருளுக்கு ஆயுள் நீண்டது. அந்த ஆயுளைக் கொடுத்தது பாவித்த பொருளின் சந்தையே.

இவ்வுதாரணங்களைக் கொண்டு எமது மாணவரின் கேள்விக்கு வருவோம். கம்பனிக்கு விதி வகுக்க உரிமை உண்டா? உண்டு. பலகை அவர்களுடையது, கூடம் அவர்களுடையது, கழகத்தின் நற்பெயரும் அவர்களைச் சார்ந்தது. விலையை எழுதுக, குறையை எழுதுக, சொந்தப் பொருளையே விற்க, விற்றதும் அறிவித்தலைக் கழற்றுக, வியாபாரிகள் அங்கத்தவர் வேடம் பூண்டு வராதிருக்க என்று அவர்கள் விதித்தால் அவற்றில் ஒன்றேனும் அநியாயமில்லை. விலை எழுதாத அறிவித்தலைப் பாருங்கள். வருபவரின் உடையையும் முகத்தையும் பார்த்து விலை சொல்வதற்கு அது இடங்கொடுக்கின்றது. அவசரப்படுபவர் கூடுதலாகக் கொடுப்பார். கூச்சப்படுபவர் கேளாமலே போவார். விலை எழுதியிருந்தால் யாவருக்கும் ஒரே விலை.

ஆனால், உரிமைக்குப் பக்கத்திலே கடமையும் இருக்கின்றது. கம்பனியார் தவறியது அங்கேதான். விதிகளை எழுதி அப்பலகையிலேயே ஒட்டியிருத்தல் வேண்டும். ஓர் அறிவித்தலை அகற்றும்போது, இன்ன விதிக்கு மாறானது என்று அதன் பின்புறத்தில் ஒரு வரி எழுதி உரியவரிடம் சேர்ப்பித்திருத்தல் வேண்டும். அவர் திருத்திக்கொண்டு வந்தால் மறுபடி இடம் கொடுத்தல் வேண்டும். காரணம் கூறாத தண்டனை குற்றவாளியைத் திருத்துவதில்லை. அவனுக்குக் கோபத்தையே கற்பிக்கின்றது. மேலும், கம்பனி தன் புதிய பொருள் விலைபோக வேண்டும் என்பதற்காக ஒரு பழைய பொருளின் அறிவித்தலை அகற்றுமாயின், அல்லது தன் பொருளின் குறையை ஓர் அங்கத்தவர் நாணயமாக எழுதினார் என்பதற்காக அகற்றுமாயின், அன்றைக்கே அது நடுநிற்கும் தகுதியை இழந்துவிட்டது. அங்கத்தவர் ஒவ்வோர் அகற்றலிலும் சூழ்ச்சியைக் காண்பர். எமது மாணவர் கண்டதும் அதையே. கம்பனியார் அவ்வாறு எண்ணிச் செய்தனர் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு எண்ண இடம் வைத்தனர் என்றே கூறுகின்றோம்.

இவ்வளவும் கம்பனியாருக்கு. இனி அம்மாணவரோடு இரண்டு வார்த்தை.

தம்பி, உமது கடிதத்தின் நாலாம் பக்கத்தை நாம் மூன்றுமுறை படித்தோம். “வில்லையின் உட்கண்ணாடியிலே ஓர் ஓரத்திற் சிறிது பூஞ்சணம் இருக்கின்றது, படத்தில் அது தெரிவதில்லை, ஆகவே அது ஒரு குறையன்று” என்று எழுதியிருக்கின்றீர். பலகையிலோ “குறையொன்றும் இல்லை” என்று எழுதினீர். எமக்கு எழுதும்போது நினைவில் வந்த பூஞ்சணம் பலகைக்கு எழுதும்போது மறந்துபோனது எப்படி?

ஈரலிப்பான எமது நாட்டிலே வில்லைகளுக்குப் பூஞ்சணம் பெரும் பகை. பெட்டிக்குள்ளே காற்றும் வெளிச்சமும் படாமல் நாட்கணக்காக வைத்தால் அது நூல்போற் படரும். தொடக்கத்திலே படத்திற் தெரியாதிருக்கலாம்; நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். இன்றைக்குக் குறையில்லை என்று நீர் விற்கும் வில்லை, உம்மைப் போன்ற ஒரு மாணவனின் பெட்டியிலே இரண்டு வருடத்தின்பின் மங்கிப்போகும். அவன் அதனை வாங்கக் காசு சேர்த்த கதை உமக்குத் தெரியாது. தெரியாதவனை ஏமாற்றுவது இலகு என்பதனாலேதான் தெரியாதவர் நடுவே விதி வேண்டியிருக்கின்றது.

உம்மைக் குற்றங்கூறும் தகுதி எமக்கு இருக்கின்றதா என்று நீர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எமது பாடசாலை நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தைக் கூறுகின்றோம், கேளும்.

எமது பாடசாலையிலே தபால் முத்திரை சேர்க்கும் கழகம் ஒன்று இருந்தது. உலகெங்கும் உள்ள முத்திரைக் கழகங்களின் வழக்கத்தைப் பின்பற்றி எமது கழகத்திலும் விற்பனைப் புத்தகங்கள் சுற்றி வந்தன. வேண்டாத முத்திரைகளைச் சிறு புத்தகத்தில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் விலை எழுதிக் கொடுப்போம். புத்தகம் கைக்குக் கை போகும். வேண்டியதை எடுத்துக்கொண்டவர் அந்த வெற்றிடத்திலே தம் கையொப்பத்தை இட வேண்டும். நல்ல முத்திரையை எடுத்துவிட்டுப் பழுதான ஒன்றை அவ்விடத்தில் ஒட்டிவைக்கும் கள்ளத்தைத் தடுப்பதற்கான விதி அது. புத்தகம் சுற்றுக்குப் போகுமுன்னர் பொறுப்பாசிரியர் ஒவ்வொரு முத்திரையையும் பார்ப்பார்.

விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த பழைய இலங்கை முத்திரை ஒன்று எம்மிடம் இருந்தது. எமது நாட்டின் முதல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 1ஆந் திகதி வெளிவந்த 6 பென்ஸ் முத்திரை. எம்மிடம் இருந்தது அதற்குப் பல ஆண்டுகள் பிந்திய, அத்துணை அரிதல்லாத ஒன்றேயாயினும், எமக்கு அது பெரும் பொக்கிஷம். அதன் மூலை ஒன்று கிழிந்திருந்தது. பின்புறத்திலே மெல்லிய தாள் வைத்து ஒட்டி, கிழிவு தெரியாதபடி செய்திருந்தோம். அதனைப் புத்தகத்தில் ஒட்டி “2 ரூபா” என்று எழுதிக் கொடுத்தோம். கண்டுபிடிக்க மாட்டார் என்ற துணிவு.

மறுநாள் ஆசிரியர் எம்மைத் தனியே அழைத்தார். முத்திரையைச் சாளரத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஒட்டிய தாளின் நிழல் கறுப்பாகத் தெரிந்தது. எமக்குக் கால் நடுங்கிற்று. அவர் ஏசவில்லை, அடிக்கவில்லை, புத்தகத்தைத் தூக்கி எறியவுமில்லை. பென்சில் ஒன்றை எமது கையிலே கொடுத்து, “வெளிச்சத்தில் நீ கண்டதை அதன் கீழே எழுது” என்றார். “மூலை கிழிந்து ஒட்டப்பட்டது” என்று எழுதினோம். “இப்போது நீயே வாங்குவதானால் என்ன விலை கொடுப்பாய்?” என்று கேட்டார். 2 ரூபாவை வெட்டிவிட்டு “50 சதம்” என்று எழுதினோம். புத்தகம் சுற்றுக்குப் போயிற்று.

இனி அதை எவரும் வாங்கார் என்று எண்ணிக் கலங்கியிருந்தோம். இரண்டு வாரத்தில் புத்தகம் திரும்பி வந்தபோது அவ்விடம் வெறுமையாயிருந்தது. எம்மினும் இரண்டு வகுப்புக் குறைந்த மாணவன் ஒருவனின் கையொப்பம் அங்கே இருந்தது. அவனிடம் கேட்டோம். “அண்ணை, நல்லது வாங்க என்னட்டக் காசு இல்லை. கிழிஞ்சதெண்டு எழுதியிருந்தபடியால் விலை குறைவு, என்ர அல்பத்தில் அந்த இடம் நிரம்பிவிட்டது” என்று முகமலர்ச்சியோடு சொன்னான். அன்றைக்குத்தான் ஓர் உண்மை விளங்கிற்று. மறைத்த குறை ஒருவனை ஏமாற்றுகின்றது. சொல்லிய குறையோ மற்றொருவனுக்கு உதவுகின்றது. பழுதான பொருளுக்கும் ஒரு விலை உண்டு. அதனை வேண்டி நிற்பவனும் எங்கோ ஒருவன் இருக்கின்றான். அவனை நாம் கண்டுகொள்ள வேண்டுமெனில் பழுதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அந்த ஆசிரியர் அன்று செய்த காரியத்தைக் கம்பனியாரும் கவனிப்பாராக. அவர் முத்திரையை அகற்றவில்லை, விவரணத்தைத் திருத்துவித்தார். காரணம் இன்னதென்று எமக்குக் காட்டினார். எமது கையாலேயே திருத்தச் செய்தார். பிறர் முன்னிலையில் அவமானப்படுத்தவுமில்லை. மேற்பார்வை செய்பவர் ஒருவர் கற்கவேண்டிய பாடம் முழுவதும் இதனுள் அடங்கிவிட்டது என்பது எமது அபிப்பிராயம்.

ஆகவே தம்பி, உமது கேள்விக்கு எமது மறுமொழி இது. காரணம் கூறாமல் அகற்றியது தவறு. அதனைக் கழகக் கூட்டத்திலே எழுந்து, மரியாதையோடு, தயங்காமற் கேளும். விதிகளை எழுதிப் பலகையில் ஒட்டும்படி வேண்டிக்கொள்ளும். மற்ற அங்கத்தவர்களும் உமக்குத் துணைநிற்பர். ஆனால், அதற்கு முன்னர் உமது அறிவித்தலைப் புதிதாக எழுதும். வில்லை எத்தனை வருடம் பாவிக்கப்பட்டது, விலை எவ்வளவு, பூஞ்சணம் எந்த ஓரத்தில் எவ்வளவு இருக்கின்றது என்று எழுதும். வாங்குபவர் தமது கமராவிற் பொருத்திப் பார்த்து, இரண்டொரு படம் எடுத்தபின் பணம் தந்தாற் போதும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளும். விலை சற்றுக் குறையலாம். ஆனால், கூட்டத்திலே நீர் எழுந்து நியாயம் கேட்கும்போது உமது குரல் தளம்பாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் தமது பழைய பொருள்களை விற்பதையும் மாற்றுவதையும் வீண்வேலை என்று தடுக்காதீர்கள். பாவித்த பொருளொன்றைத் துடைத்து, அதன் குறையைத் தன் கையாலேயே தாளில் எழுதி, நியாயமான விலை வைக்கும் பிள்ளை, கணிதத்தையும் மொழியையும் நாணயத்தையும் ஒரே பாடத்தில் கற்கின்றது. எழுதியதை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். “குறையொன்றும் இல்லை” என்றிருந்தால், பொருளை வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை பிடித்துக் காட்டிவிட்டு, பென்சிலைப் பிள்ளையின் கையிலே கொடுங்கள்.